வியட்நாமின் பெயரைச் சொல்லாத இசைத்தட்டு

முதலில் வருவது பாட்டு அல்ல. எண்ணெய்ச் சட்டியில் ஏதோ பொரிவது போன்ற இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு முதியவர், தூரத்தில் நிற்பவரைக் கூப்பிடும் தொனியில் உரக்கச் சொல்கிறார்: "நான் எக்காளம் ஊதும் லாண்ட்ஃப்ரே. பாலக்லாவாவில் இலகு குதிரைப்படை பாய்ந்தபோது இருந்த எக்காளக்காரர்களில் உயிரோடு எஞ்சியவர்களில் ஒருவன். வாட்டர்லூவில் ஊதப்பட்ட பியூகிளை இப்போது ஊதப்போகிறேன். 1854 அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில் ஊதியது போலவே ஊதப்போகிறேன்." அடுத்து பியூகிள் ஒலிக்கிறது. சற்றே பிசிறடித்தாலும் தயக்கமில்லாத ஊதல். அது முடிந்ததும் பாட்டு தொடங்குகிறது.

இந்தக் குரல் 1890 ஆகஸ்ட் 2 அன்று லண்டனில் மெழுகு உருளை ஒன்றில் பதிவானது. இதை முதல் ஒலியாக வைத்து 1968இல் நியூயார்க்கிலிருந்து வெளிவந்த இசைத்தட்டின் பெயர் 'பாலக்லாவா'. வெளியிட்ட குழுவின் பெயர் 'பேர்ல்ஸ் பிஃபோர் ஸ்வைன்', அதாவது பன்றிகள் முன் போட்ட முத்துகள். மத்தேயு சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தில் வரும் எச்சரிக்கையைத் தங்களுக்கே பெயராகச் சூட்டிக்கொண்ட இளைஞர்கள் அவர்கள். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த ஆண்டில், அந்தப் போருக்கு எதிராகவே இந்தத் தட்டைச் செய்தார்கள். ஆனால் அதிலுள்ள எந்தப் பாட்டிலும் வியட்நாம் என்ற சொல் இல்லை. அன்றைய ஜனாதிபதியின் பெயர் இல்லை, 'போரை நிறுத்து' என்ற முழக்கமும் இல்லை. அந்தக் காலத்துப் போர் எதிர்ப்பு இசையில் எனக்கு மிக ஆழமாகப் பட்டது இதுதான். அதற்குக் காரணம் அது சொன்னவை அல்ல, பக்கத்தில் பக்கத்தில் எடுத்து வைத்தவை.

குழுவின் மையம் டாம் ராப். 1947இல் வடக்கு டகோட்டா மாநிலத்தில் பிறந்தவர். இந்தத் தட்டு வந்தபோது வயது 21. குழு உருவானது ஃபுளோரிடாவின் மெல்போர்ன் நகரில். விண்வெளி ராக்கெட்டுகள் கிளம்பும், அன்று கேப் கென்னடி என்று பெயர் கொண்டிருந்த கேப் கனாவெரலுக்குப் பக்கத்து ஊர் அது. ராப் ஒரு பாடகருக்குரிய குரல் படைத்தவர் அல்ல. மெல்லிய குரல், 'ச' ஒலி வரும் இடங்களில் நாக்கு லேசாக இடறும். அந்த இடறலை மறைக்க எந்த முயற்சியும் நடக்கவில்லை. நல்லவேளை. மேடைப் பேச்சாளரின் கம்பீரக் குரலில் இந்தப் பாட்டுகளைக் கேட்டிருந்தால் இரண்டாவது நிமிடத்தில் எழுந்து போயிருப்போம்.

இவர்களுடைய பதிவு நிறுவனம் ஈ.எஸ்.பி. டிஸ்க். பெர்னார்ட் ஸ்டோல்மன் என்ற வழக்கறிஞர் எஸ்பெராண்டோ மொழிப் பாடல்களைப் பதிவு செய்வதற்காகத் தொடங்கியது; பிறகு ஆல்பர்ட் ஐலர், சன் ரா போன்ற ஜாஸ் கலைஞர்களின் புகலிடமாக மாறியது. கேட்பவர் எதைக் கேட்க வேண்டும் என்பதைக் கலைஞர் மட்டுமே முடிவு செய்வார் என்று உறைகளில் அச்சிட்டுவைத்திருந்த நிறுவனம். அந்தச் சுதந்திரம் உண்மையானது. பணம்தான் வரவில்லை, ஒரு காசுகூடத் தங்கள் கைக்கு வரவில்லை என்று ராப் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1967இல் வந்த முதல் தட்டில் ஒரு பாட்டுக்குள் மோர்ஸ் தந்திக் குறியீட்டில் ஒரு கெட்ட வார்த்தையை ஒளித்து வைத்திருந்தார்கள். வானொலியில் அது ஒலித்தபோது சாரணச் சிறுவர்கள்தான் கண்டுபிடித்தார்களாம். இப்படிக் குறும்பு செய்துகொண்டிருந்தவர்கள் அடுத்த ஆண்டே 'பாலக்லாவா'வுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது ஆச்சரியம்தான்.

'சைக்கடெலிக்' என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1950களின் நடுவில் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கிய சொல். மனத்தை வெளிப்படுத்துவது என்று பொருள். அந்த மருத்துவச் சொல் பத்தே ஆண்டுகளில் இசைக்கடைகளில் ஒரு பிரிவின் பெயராகிவிட்டது. சான் பிரான்சிஸ்கோ குழுக்களின் நீண்ட கித்தார் ஆலாபனை, சிதார், கரைந்து வழியும் எழுத்துகள் கொண்ட சுவரொட்டிகள் என்று ஒரு வாய்பாடும் உருவாகிவிட்டது. 'பாலக்லாவா'வில் அந்த வாய்பாட்டை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பாஞ்சோவும் ஆர்கனும் புல்லாங்குழலும் கேட்கும். இசை பாதிக்கு மேல் நாட்டுப்புறப் பாடலின் பக்கம் நிற்கிறது. ஆனால் ஒலிநாடாவை இவர்கள் கையாண்ட விதம் முழுக்க சைக்கடெலிக் காலத்துக்கு உரியது. பிற குழுக்கள் நிறங்களைக் கரைத்தன. இவர்கள் ஆண்டுகளைக் கரைத்தார்கள். வாட்டர்லூ போர் நடந்த 1815, பாலக்லாவாவின் 1854, 1890, 1968 ஆகிய நான்கும் தட்டின் முதல் நிமிடத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன.

பிரிட்டனும் துருக்கியும் ஓரணியாக ரஷ்யாவோடு மோதிய கிரிமியப் போரில், பாலக்லாவா என்ற ஊரில் நடந்தது என்ன என்று தெரிந்தால்தான் அந்த நிமிடத்தின் கனம் புரியும்.

நம்மில் பலருக்கு அந்த ஊரோடு அறியாமலே பழக்கம் உண்டு. மார்கழிப் பனியில் தாத்தாக்கள் காதையும் கழுத்தையும் மூடிப் போட்டுக்கொள்ளும் குரங்குக் குல்லாவுக்கு ஆங்கிலத்தில் பாலக்லாவா என்றே பெயர். கிரிமியாவின் குளிரில் வாடிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ஊரிலிருந்து பின்னி அனுப்பிய கம்பளித் தொப்பிகளை ஒட்டி வந்த பெயர். முன்பக்கம் பொத்தான் வைத்த கார்டிகன் ஸ்வெட்டர், அன்று இலகு குதிரைப்படைக்குத் தலைமை தாங்கிய கார்டிகன் பிரபுவின் பெயரைச் சுமக்கிறது. தோள் தையல் இல்லாத ராக்லன் கை, தலைமைத் தளபதி ராக்லன் பிரபுவின் பெயரை. ஒரு குளறுபடியான போர் மூன்று துணிமணிகளை உலகுக்கு விட்டுச் சென்றது. ராக்லனுக்கு வலது கை கிடையாது. 1815இல் வாட்டர்லூவில் இழந்தார். ஆக, லாண்ட்ஃப்ரேயின் பியூகிள் மட்டுமல்ல, தளபதியும் வாட்டர்லூவிலிருந்து வந்தவர்தான். நாற்பது ஆண்டுகளாக ஐரோப்பாவில் பெரிய போர் எதையும் நடத்தாத ஒரு படை, பழைய போரின் நினைவிலேயே புதிய போருக்குப் போயிருந்தது.

அன்று ராக்லன் உயரமான மேட்டில் நின்றார். துருக்கியரிடமிருந்து பிடித்த பீரங்கிகளை ரஷ்யர்கள் இழுத்துக்கொண்டு போவது அவருக்குத் தெரிந்தது. 'குதிரைப்படை விரைந்து முன்னேறி, எதிரி பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்க வேண்டும்' என்று ஒரு சீட்டு எழுதச் சொன்னார். கேப்டன் நோலன் அதை எடுத்துக்கொண்டு செங்குத்தான சரிவில் குதிரையை இறக்கினார். கீழே பள்ளத்தாக்கில் நின்ற, மொத்தக் குதிரைப்படைக்கும் தலைவரான லூகன் பிரபுவின் கண்ணுக்கு அந்தப் பீரங்கிகள் தெரியாது. நடுவில் மேடு மறைத்தது. எந்தப் பீரங்கிகள் என்று கேட்டார். நோலன் கையை வீசிக் காட்டினார். எந்தத் திசையில் காட்டினார் என்பது இன்றுவரை விவாதம். லூகனுக்குத் தெரிந்த பீரங்கிகள் பள்ளத்தாக்கின் கோடியில் இருந்தவை மட்டுமே. அங்கே போக வேண்டுமானால் மூன்று பக்கமும் பீரங்கி வாய்களுக்கு நடுவே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் குதிரையில் செல்ல வேண்டும். லூகன் கட்டளையைக் கார்டிகனுக்குத் தள்ளிவிட்டார். இருவரும் மைத்துனர்கள், ஒருவரையொருவர் அறவே வெறுத்தவர்கள். நின்று நிதானமாகப் பேசிக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளும் உறவு அங்கே இல்லை. சுமார் 670 பேர் புறப்பட்டார்கள். ஏறக்குறைய 110 பேர் செத்தார்கள்; காயம்பட்டவர்கள் 160 பேர். முதலில் விழுந்தவர்களில் ஒருவர் நோலன். எந்தப் பீரங்கிகள் என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் அதோடு போய்விட்டார்.

ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் பத்திரிகைச் செய்தியைப் படித்துவிட்டு இந்தப் பாய்ச்சலைப் பற்றி எழுதிய கவிதை அதே டிசம்பரில் அச்சேறியது. ஆங்கிலப் பாடப் புத்தகங்கள் வழியாக அது நம் ஊர் வகுப்பறைகளுக்கும் வந்தது. யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று கவிதையே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த 'யாரோ' யார் என்று கேட்பதில்லை. கேள்வி கேட்பது சிப்பாயின் வேலை அல்ல. செய்வதும் சாவதுமே அவன் வேலை என்று குதிரைக் குளம்படித் தாளத்தில் தாண்டிப் போய்விடுகிறது. அந்தத் தாளம் அவ்வளவு நன்றாக இருப்பதுதான் அதில் உள்ள ஆபத்து. பிள்ளைகள் கைதட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தார்கள்.

1968இல் அமெரிக்க இளைஞனுக்கு இந்தக் கதை பழங்கதையாகத் தோன்றியிருக்காது. ஜனவரி இறுதியில், வட வியட்நாம் படையும் வியட்காங் கெரில்லாக்களும் தெற்கின் நகரங்கள்மேல் நடத்திய டெட் தாக்குதல். வியட்நாமில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர். அந்த ஓர் ஆண்டில் மட்டும் இறந்த அமெரிக்கர்கள் பதினாறாயிரத்துக்கும் மேல். வியட்நாமியரின் சாவு அதைப் போல் பன்மடங்கு. மேட்டில் நிற்பவருக்கு ஒன்று தெரிகிறது, பள்ளத்தில் நிற்பவருக்கு வேறொன்று தெரிகிறது, இடையில் ஒரு சீட்டு மட்டும் பறந்து வருகிறது. அந்தப் படத்தை வாஷிங்டனுக்கும் சைகோனுக்கும் பொருத்திப் பார்க்கப் பெரிய கற்பனை தேவையில்லை. இன்னொரு ஒற்றுமையும் எனக்குத் தோன்றுவதுண்டு. செய்தியாளர்கள் களத்திலிருந்தே எழுதி, ஊரில் இருப்பவர்கள் காலை உணவோடு படித்த முதல் பெரிய போர்களில் ஒன்று கிரிமியா. ரோஜர் ஃபென்டன் கேமராவோடு போய் 1855இல் படம் எடுத்து வந்தார். வரவேற்பறைத் தொலைக்காட்சியில் இரவுதோறும் ஓடிய போர் வியட்நாம். வீட்டில் உட்கார்ந்து சாவைப் பார்க்கும் வழக்கத்தின் தொடக்கம் ஒன்று, வளர்ச்சி மற்றொன்று.

தட்டின் உறைக்கு வருவோம். முன்பக்கத்தில் பீட்டர் புரூகல் 1562 வாக்கில் வரைந்த 'மரணத்தின் வெற்றி'. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எலும்புக்கூடுகளின் படை ஒன்று மனிதர்கள் மீது பாய்கிறது. மண்டையோடுகள் நிறைந்த வண்டி உருள்கிறது. வற்றிய குதிரைமேல் ஓர் எலும்புக்கூடு அரிவாளை வீசிக்கொண்டு போகிறது. அரசன் சாய்ந்து கிடக்க, அவனுடைய பொற்காசுகளை ஓர் எலும்புக்கை அளைகிறது. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழடும் களத்தைப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. ஒரு வேறுபாடு உண்டு. பரணியில் வென்ற அரசனைப் பேய்கள் வாழ்த்தும். புரூகலின் களத்தில் வென்ற மனிதர் ஒருவரும் இல்லை. வலது ஓரத்தில், கீழே, ஒரு காதல் ஜோடி மட்டும் இன்னும் எதையும் கவனிக்கவில்லை. அவன் வீணை போன்ற ஒரு வாத்தியத்தை வாசிக்கிறான், அவள் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருக்கிறாள். அவர்களுக்குப் பின்னாலிருந்து ஓர் எலும்புக்கூடு கூடவே வாசிக்கிறது. இசைத்தட்டு ஒன்றுக்கு ஓவியம் தேடியவர்கள் இந்த மூலையைப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்?

பின்பக்கத்தில் ஒரு சிறுமியின் புகைப்படம். போருக்கு எதிரான ஒரு கூட்டத்தில் எடுத்ததாகத் தெரிகிறது. பக்கத்தில் கையெழுத்தில் ஒரு வாசகம்: இறந்தவர்கள் மட்டுமே போரின் முடிவைக் கண்டிருக்கிறார்கள். 1922இல் வந்த ஒரு கட்டுரை நூலில் தத்துவவாதி ஜார்ஜ் சாண்டயானா எழுதியது. அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் 1962இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் ஆற்றிய உரையில் இதைப் பிளேட்டோ சொன்னதாக மேற்கோள் காட்டினார். அந்தப் பிழை இன்றும் சுற்றி வருகிறது. போரை இறுதி செய்ய முடியாது என்ற ஒரே வாசகம் ராணுவ மாணவர்களுக்கு உற்சாக உரையிலும், போர் எதிர்ப்புத் தட்டின் பின்னட்டையிலும் ஆறே ஆண்டு இடைவெளியில் இடம்பெற்றது. யார் சொன்னது என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது. ராப்பின் மொத்த உத்தியும் இதில் அடங்கிவிடுகிறது.

தட்டு யாருக்குக் காணிக்கை என்று பார்த்தால் உத்தி இன்னும் துலங்கும். எட்டி ஸ்லோவிக். டெட்ராய்ட்டைச் சேர்ந்த சிப்பாய். 1944இல் பிரான்சுக்கு அனுப்பப்பட்டவர், குண்டுமழையில் நடுங்கிப்போய், முன்னணிக்குப் போக முடியாது என்று தன் அதிகாரியிடம் சொன்னார். போகச் சொன்னால் மறுபடி ஓடிவிடுவேன் என்று சீட்டில் எழுதியே கொடுத்தார். அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படைக்குத் திரும்பும்படி சொல்லிப் பார்த்தார்கள், மறுத்துவிட்டார். சிறைக்கு அனுப்புவார்கள், உயிராவது மிஞ்சும் என்று கணக்குப் போட்டிருந்தார். கணக்கு தப்பிவிட்டது. இரண்டாம் உலகப்போரில் படையை விட்டு ஓடியதற்காகத் தண்டனை பெற்ற அமெரிக்கர்கள் 21 ஆயிரத்துக்கும் மேல். மரண தண்டனை விதிக்கப்பட்டது 49 பேருக்கு. நிறைவேற்றப்பட்டது ஸ்லோவிக் ஒருவருக்கு மட்டும். 1945 ஜனவரி 31 அன்று பிரான்சின் மலையடிவார ஊர் ஒன்றில் பன்னிரண்டு பேர் சுட்டார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு அந்தக் குற்றத்துக்காகச் சுடப்பட்ட ஒரே அமெரிக்கச் சிப்பாய் அவர்தான்.

லாண்ட்ஃப்ரேயையும் ஸ்லோவிக்கையும் ஒரே தட்டில் வைத்ததுதான் இந்தத் தட்டின் கூர்மையான செயல் என்பேன். ஒருவர் தப்பான கட்டளைக்குக் கீழ்ப்படிந்து போய், உயிர் மிஞ்சி, பெருமையோடு பியூகிள் ஊதுகிறார். இன்னொருவர் கீழ்ப்படிய மறுத்து, தன் பக்கத்துத் துப்பாக்கிகளாலேயே சாகிறார். ராப் இருவரையும் ஒப்பிட்டு ஒரு வரிகூடப் பாடவில்லை. முன்னவரின் குரலைத் தந்தார். பின்னவரின் பெயரைத் தந்தார்.

லாண்ட்ஃப்ரேயின் உருளை எதற்காகப் பதிவானது என்பது அவருடைய குரலை வேறு விதமாகக் கேட்க வைக்கும். 1890இல் பிரிட்டனில் ஒரு செய்தி பரவியது. கவிதையில் அமரத்துவம் பெற்ற அந்த இலகு குதிரைப்படையில் மிஞ்சியிருந்த கிழவர்கள் பலர் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் இருக்கிறார்கள் என்று. அவர்களுக்காக ஒரு நிவாரண நிதி தொடங்கினார்கள். எடிசனின் பிரதிநிதியாக லண்டனில் இருந்த கர்னல் கூரோ, நிதிக்குத் துணையாக மூன்று குரல்களை மெழுகு உருளையில் பதிவு செய்தார்: எக்காளக்காரர் லாண்ட்ஃப்ரே, கவிஞர் டென்னிசன், செவிலி ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். அதே ஆண்டில் எழுத்தாளர் கிப்ளிங், பட்டினியால் வாடிய இருபது கிழட்டுச் சிப்பாய்கள் டென்னிசனின் வீட்டுக்கே போய், எங்கள் கதையின் மிச்சத்தையும் எழுதுங்கள் என்று கேட்பதாக ஒரு கவிதை எழுதினார். ஆக, நாம் கேட்கும் அந்தப் பெருமிதக் குரல் ஒரு வகையில் கையேந்தும் குரல். கத்திப் பேசியதற்கும் காரணம் உண்டு. அன்றைய போனோகிராஃபில் மின்சார ஒலிவாங்கி கிடையாது. குழல் வாய்க்குள் அடித்தொண்டையிலிருந்து பேசினால்தான் ஊசி மெழுகைக் கீறும்.

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் பதிவு லாண்ட்ஃப்ரேக்கு மூன்று நாள் முந்தியது. 1890 ஜூலை 30. அப்போது அவருக்கு வயது 70. லண்டனில் தன் வீட்டிலேயே பேசினார். தட்டின் கடைசிக்கு முந்தைய இடத்தில் அந்தக் குரல் வருகிறது: "நான் ஒரு நினைவாகக்கூட இல்லாமல், வெறும் பெயராக ஆகிவிட்ட பிறகும், என் வாழ்வின் பெரும்பணியை என் குரல் நீடிக்கச் செய்யும் என்று நம்புகிறேன். என் அருமைப் பழைய பாலக்லாவா தோழர்களைக் கடவுள் ஆசீர்வதித்து, பத்திரமாகக் கரை சேர்ப்பாராக." ஒவ்வொரு சொல்லையும் இறக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும் நிதானம். கிரிமியப் போரின்போது துருக்கியில் இருந்த ஸ்குடாரி ராணுவ மருத்துவமனையில் குண்டுக்காயத்தைவிடக் காலராவும் வயிற்றுப்போக்கும் சன்னிக்காய்ச்சலும் பலமடங்கு அதிகமாகக் கொன்றதைக் கண்ணால் பார்த்தவர். அதைப் புள்ளிவிவரப் படமாக்கி அரசின் முகத்துக்கு நேரே நீட்டியவர். அவர் போரை எதிர்த்துப் பேசவில்லை. பாலக்லாவா தோழர்களைப் பெருமையோடுதான் நினைக்கிறார். 1968இன் இசைக்கு நடுவில் அந்த ஆசியைக் கேட்கும்போது, கரை சேராதவர்களின் கணக்குதான் மனத்தில் ஓடுகிறது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சிறிய நெருடல் உண்டு. இறந்துபோனவர்களின் குரலை, அவர்கள் கனவிலும் எண்ணாத வாதத்துக்குச் சாட்சியாக நிறுத்துவது நியாயமா? லாண்ட்ஃப்ரேயிடம் கேட்டிருந்தால், அன்று பாய்ந்ததைப் பற்றி வருத்தப்பட்டிருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. தட்டு அவரைக் கேலிப்பொருளாக்கியிருந்தால் நான் அதை மன்னித்திருக்கமாட்டேன். அது அப்படிச் செய்யவில்லை. குரலை வெட்டவில்லை, பின்னால் கேலியான இசை எதையும் ஓடவிடவில்லை. முழுதாகப் பேசவிட்டு, முழுதாக ஊதவிட்டு, ஒதுங்கி நின்றது.

லாண்ட்ஃப்ரேயை அடுத்து வரும் 'ட்ரான்ஸ்லூசன்ட் கேரேஜஸ்' தட்டின் சிகரம். அடங்கிய கித்தார், அதன்மேல் ராப்பின் குரல். அந்தக் குரலுக்குப் பின்னால், காதோரம் யாரோ குனிந்து பேசுவது போல் இன்னொரு குரல் கிசுகிசுக்கிறது. முதல்முறை கேட்கும்போது சொற்கள் பிடிபடாது. இரண்டாம் முறை ஒலியைக் கூட்டி வைத்தால் பிடிபடும். அமைதிக் காலத்தில் மகன்கள் தந்தையரைப் புதைக்கிறார்கள், போரில் தந்தையர் மகன்களைப் புதைக்கிறார்கள். பண்டைய கிரேக்கர் ஹெரோடட்டஸின் வரலாற்று நூலில் முதல் புத்தகத்தில் வரும் வரி. சொல்வது குரோசஸ் என்ற லிடிய மன்னன். பெரும் செல்வன், பாரசீகத்தின்மேல் தானே படையெடுத்துத் தோற்று, எரிப்பதற்காக விறகின்மேல் ஏற்றப்பட்டு, மழையால் தப்பி, வென்ற பாரசீக மன்னன் சைரஸின் முன் நின்று சொல்கிறான். போரைத் தொடங்கியவனின் வாயிலிருந்தே வரும் வாக்குமூலம். அதை உரக்கப் பாடியிருந்தால் சுவரொட்டி வாசகமாகியிருக்கும். கிசுகிசுத்ததால் கேட்பவர் தலையைச் சாய்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அதே பாட்டில் ராப் வெளிப்படையாகப் பாடும் ஒரு வரியும் உண்டு: இயேசு இறந்தவர்களை எழுப்பினார், உயிரோடிருப்பவர்களை எழுப்புவது யார்?

நடுவில் உள்ள பாட்டுகளைப் பற்றி நீட்டிச் சொல்ல அவசியமில்லை. 'இமேஜஸ் ஆஃப் ஏப்ரல்' புல்லாங்குழலும் பறவைச் சத்தமும் தவளைச் சத்தமுமாக ஒரு குளக்கரையைக் காதுக்குள் கொண்டுவருகிறது. 'கார்டியன் ஏஞ்சல்ஸ்' கீறல் விழுந்த பழைய கிராமபோன் தட்டுப் போலவே வேண்டுமென்று ஒலிக்க வைத்தது. உண்மையான 1890 குரல்களுக்கு நடுவே ஒரு பொய்யான பழமையை வைத்து நம்மைக் குழப்புகிறது. லெனார்ட் கோஹனின் 'சுசான்' நல்ல பாட்டு, ராப் அழகாகவே பாடுகிறார். ஆனால் அது இங்கே விருந்தாளிதான். தட்டின் சிந்தனையோடு ஒட்டவில்லை. மொத்தத் தட்டும் ஏறத்தாழ அரை மணி நேரம். அதிலும் ஒரு பாட்டு விருந்தாளி என்றால் கொஞ்சம் அதிகம்.

இதே காலத்தில் வேறு வழியில் போனவர்களும் இருந்தார்கள். பெர்க்லியின் 'கன்ட்ரி ஜோ அண்ட் த ஃபிஷ்' குழு 1967இல், சவப்பெட்டியில் வீடு திரும்பும் மகன்களைப் பற்றித் திருவிழாக் கூத்துத் துள்ளலில் பாடியது. அதில் வியட்நாமின் பெயர் பட்டவர்த்தனமாக வருகிறது. 1969 ஆகஸ்ட் 18 காலை, உட்ஸ்டாக் விழா முடியும் வேளையில், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் சொல்லே இல்லாமல் அமெரிக்கத் தேசிய கீதத்தை மின்கித்தாரில் வாசித்தார். ராக்கெட்டும் குண்டும் கம்பியில் அலறின. இரண்டும் பெரிய செயல்கள்தான். முதலாவது கூட்டத்தைச் சேர்ந்து பாடவைக்கும். இரண்டாவது கூட்டத்தை வாயடைக்கச் செய்யும். 'பாலக்லாவா'வைக் கூட்டத்தோடு கேட்க முடியாது. அது தனி ஆளுக்கான இசை, இரவில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு.

அது பெரிய வெற்றியும் பெறவில்லை. குழு வேறு நிறுவனத்துக்கு மாறியது, ஆட்கள் மாறினார்கள். 1970களின் நடுவில் ராப் இசையை விட்டுவிட்டுப் படிக்கப் போனார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, சிவில் உரிமை வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரானார். ஒரு வழக்கறிஞரின் நிறுவனத்திலிருந்து காசு வராமல் வெளியேறிய பாடகர் வழக்கறிஞராக ஆனதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. 1990களின் இறுதியில் மீண்டும் மேடை ஏறினார். 2018 பிப்ரவரியில் காலமானார். ஸ்லோவிக்கின் எலும்புகள் அதற்கு முன்பே, 1987இல், பிரான்சில் தண்டனை பெற்றவர்களுக்கென ஒதுக்கியிருந்த பெயரில்லாத கல்லறை வரிசையிலிருந்து எடுக்கப்பட்டு, டெட்ராய்ட்டில் மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் சேர்க்கப்பட்டன.

கடைசிப் பாட்டு 'ரிங் திங்'. டோல்கீனின் மோதிரக் கதையில் வரும் செய்யுளை, கனத்த ரீங்காரத்தின்மேல், ஒரு மந்திரம்போல் பாடுகிறார்கள். அதிகாரம் ஒரே கையில் சேர்வதைப் பற்றிய செய்யுள் என்பதால் பொருத்தம் உண்டு. ஆனால் நைட்டிங்கேலின் நிஜக் குரலைக் கேட்ட காதுக்கு அந்த மந்திரம் கொஞ்சம் நாடகத்தனமாகவே படுகிறது. தட்டு இங்கே முடிந்துவிடும் என்று நினைப்போம். முடியாது. ஒலிநாடா பின்னோக்கிச் சுழல்கிறது. இதுவரை கேட்ட எல்லாம் ஒரு கீச்சொலியாகச் சுருங்கிப் பின்னால் ஓடுகின்றன, குரோசஸின் கிசுகிசுப்பு உட்பட. சுழற்சி சட்டென்று நிற்கிறது. மறுபடி அந்த எண்ணெய்ச் சட்டி இரைச்சல். மறுபடி அந்த முதியவர் குழல் வாய்க்குள் கத்துகிறார்: நான் எக்காளம் ஊதும் லாண்ட்ஃப்ரே.